கணக்கெடுக்க வந்த டீச்சர்

பர்மாவில் மாவ்பி பக்கத்து எங்கள் ஊருக்குக் குடிக்கணக்கு எடுக்க ஒரு பர்மிய டீச்சர் வந்தார். ஒல்லியான உடம்பு, கன்னத்தில் தனாக்கா மரப்பட்டை அரைத்த பூச்சு. எதையும் எழுதுமுன் பென்சில் முனையை ஒருமுறை ஊதிக்கொள்வார். பர்மிய மொழியில்தான் பேசினோம்; அதில் டீச்சரை 'சயாமா' என்போம்.

"வருமானம் எவ்வளவு, மாமா?"

"வயல் கொடுத்தா உண்டு, சயாமா."

சிரித்துக்கொண்டே எழுதினார். அடுத்தது இனம். ஊரில் தமிழர் குறைந்துகொண்டே வருகிறோம். என் வீடாவது கணக்கில் நிற்கட்டும் என்று, "எல்லாருக்கும் தமிழர்னு போடுங்க" என்றேன்.

"உங்க மனைவி பர்மியர். மக பேரும் பர்மியப் பேரு. எப்படிப் போடுறது?"

பள்ளியில் சங்கடம் வேண்டாமென்று அந்தப் பெயரைப் பதிந்தவன் நானே. என்மேலேயே எரிச்சல் வந்தது.

"அம்மன் கோயில்ல வேற பேரு வச்சிருக்கோம்."

"வீட்ல அப்படி யாரு கூப்பிடுறாங்க?"

பக்கத்தில் நின்ற மகளே முந்திக்கொண்டு, "நான் பர்மாக்காரி" என்றாள். டீச்சர் அதையே எழுதினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "கோயில் பேரு என்ன?" என்றார்.

"வள்ளியம்மை."

மூன்று முறை சொல்லிப் பார்த்து, கட்டத்துக்கு வெளியே, தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். அது எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.