ஒன்பதாவது ரீல்

சங்கரன்கோவிலில் ஒரு தியேட்டரில் பதினோரு வருடம் ஆப்பரேட்டராக இருந்தேன். புரொஜெக்டரின் கார்பன் விளக்குப் புகை, தகரக் கூரை, ஒரு நாளைக்கு மூன்று காட்சி. படம் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ரீல் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

அந்த வாரம் ஓர் ஆங்கிலப் படம் வந்தது. பழைய யுத்தத்தில் கடலுக்கடியில் பழுதாகி நின்றுவிட்ட நீர்மூழ்கிக் கப்பல், அதற்குள் மாட்டிக்கொண்ட ஆட்கள். படம் நீளம். முதல் நாள் மேட்னி முடிவதற்குள் திருவேங்கடம் ஊருக்குப் போகும் பஸ் போய்விட்டது. மேனேஜர் மேலே என் கேபினுக்கு ஏறி வந்தார்.

"ஏலே, நாளையிலேருந்து ஒரு ரீலைத் தள்ளிரு. பஸ்ஸ விட்டுட்டோம்னு சண்டைக்கு வாரானுவ."

எல்லா ஆங்கிலப் படத்துக்கும் செய்வதுதான். நடுவில் கொஞ்சம் காணாமல் போனால், தனக்குத்தான் புரியவில்லை என்று சனம் நினைத்துக்கொள்ளும். எதைத் தள்ளுவது என்று யோசிக்கவும் எனக்குத் தெம்பில்லை. சண்டை இல்லாத ஒன்பதாவது ரீலைத் தள்ளினேன். கப்பலின் தாடிக்காரச் சமையல்காரர் தண்ணீர் புகுந்த அறைக்குள் இருந்துகொண்டு, மற்றவர்கள் பிழைக்கட்டும் என்று கதவை உள்ளிருந்து சாத்திச் சாவது அந்த ரீலில்தான்; முதல் நாள் ஓட்டும்போது கண்ணில் பட்டிருந்தது.

மறுநாள் மேட்னி விட்டதும், கேபின் படியில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபத்தைந்து வயது இருக்கும்.

"அண்ணாச்சி, தாடி வச்ச சமையக்காரரு மேல வந்தவுகள்ல இல்லியே. அவருக்கு என்ன ஆச்சு?"

"எதுக்கும்மா கேக்குத?"

"எங்க வீட்டு அவியளும் நீர்மூழ்கியிலதான் சமைக்காவ. விசாகப்பட்டினத்துல. கடுதாசியில சௌக்கியம்னு மட்டுந்தான் எழுதுதாவ. உள்ள எப்படி இருக்கும்னு பாக்கத்தான் வந்தேன்."

அடுத்த காட்சிக்கு ரீல் சுற்ற வேண்டும். உடம்பு கெஞ்சியது. உண்மையைச் சொன்னால் இவள் அழுவாள், நான் நின்று தேற்ற வேண்டும். அதற்கும் சோம்பல்பட்டுத்தான் சொன்னேன்.

"அவருதாம்மா மொதல்ல மேல வந்தாரு. அந்த ரீலு அறுந்து போச்சு."

அவள் முகம் தெளிந்தது. எனக்கும் அப்பாடா என்று இருந்தது.

"ஒட்டிருவீகள்லா? நாளைக்கு எங்க அத்தையக் கூட்டிட்டு வாரேன். அவிய அம்மா. வெசனத்துல சரியா சாப்பிடவே மாட்டேங்கா."

போய்விட்டாள். மறுநாள் சொன்னபடியே மாமியாரோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். ஒன்பதாவது ரீல் அதன் டப்பாவில் நல்லபடியாகவே இருந்தது. நான் அதைத் தொடவில்லை. எட்டு முடிந்து பத்து ஓடி, சமையல்காரர் மறுபடியும் காணாமல் போனபோது அவள் திரும்பி, கேபின் துவாரத்தைப் பார்த்தாள். நான் விலகிக்கொண்டேன்.

காட்சி விட்டபின் அவள் மேலே வரவில்லை. கீழே வாசலில் நின்று, காது மந்தமான மாமியாரிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தத் துண்டு அறுந்து போச்சாம், அத்த. சமையக்காரருதான் மொதல்ல மேல வந்தாராம். படம் ஓட்டுத அண்ணாச்சியே சொன்னாவ."

கிழவி கேபின் பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குக் கூசிப்போயிற்று. அந்தப் படம் இருந்த மிச்ச நாளும், சனம் பஸ்ஸைப் பிடித்ததோ இல்லையோ, ஒன்பதாவது ரீலை நான் வெளியே எடுக்கவே இல்லை.