பொன்னுருக்கு வீட்டுச் சோகப் பாட்டு

வாய்க்காலில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் எனக்கு வந்தது. பாதி தோய்த்த சட்டையைக் கல்லில் போட்டுவிட்டு எழும்பிவிட்டேன். இருக்க முடியவில்லை.

கண்டாவளையில் எங்கள் வயலுக்கு அங்கால் இருந்த வீட்டில் அன்று பொன்னுருக்கு. தாலிக்கு மாப்பிள்ளை வீட்டில் பொன் உருக்குகிற நாள். விடியவே பனையில் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டார்கள். அந்த மாப்பிள்ளை, என் மச்சாளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு வவுனியா அரிசி ஆலைக்கு வேலைக்குப் போனவன். போன இடத்தில் வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டான். மச்சாளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. ஊர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

ஒலிபெருக்கிக்காரருக்குக் கருத்து ஒரு பொருட்டல்ல. மெட்டு நல்லதென்றால் கலியாண வீட்டிலும் சோகப் பாட்டைப் போடுவார். பெண்ணொருத்தி ஏமாற்றிவிட்டாள் என்று ஓர் ஆண்குரல் அழுதது. அது முடிய இன்னொன்று அழுதது.

பக்கத்தில் தோய்த்துக்கொண்டிருந்த அயல்வீட்டு மாமி பெருமூச்சு விட்டார்.

"பாவம் பொடியன். எவ்வளவு மனநோவு இருந்தா இப்பிடிப் பாட்டாப் போடுவிப்பான்?" எங்களோடு தோய்த்துக்கொண்டிருந்த மச்சாளைப் பார்த்தார். "நீ என்ன பிள்ளை செய்தனி அவனுக்கு?"

"நானோ? காத்திருந்தனான் மாமி."

மாமி மச்சாளை நம்பவில்லை. பாட்டை நம்பினார். பின்னேரத்துக்குள் வாய்க்கால் கரை முழுக்க அவரைப்போல நம்பப்போகிறது, ஏமாற்றியவள் என்ற பெயர் மச்சாளுக்கே வரப்போகிறது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த நாட்களில் வானொலியில் கேட்ட பாட்டுகளையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஏமாற்றுகிறவள் பெண். ஏமாற்றியவனைப் பாட்டில் போட்டால் அதையும் ஊர் நம்பும்தானே?

"மச்சாள், நான் ஒரு பாட்டு எழுதப்போறன்!"

"முதல்ல சட்டையைப் பிடியடி, வாய்க்காலோட போகுது."

மத்தியானத்துக்குள் எட்டு வரி வந்துவிட்டது, ஒலிபெருக்கி அழுத அதே மெட்டில். குசினிக்குள் மச்சாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நின்றபடியே பாடிக் காட்டினேன். நிலா, அல்லி, எரியும் நெஞ்சம். கடைசி வரியில் அவள் சிதையில் சாம்பலாகிறாள்.

"எடியே, என்னை ஏன் சாக்காட்டினனி?"

"எல்லாப் பாட்டும் அப்பிடித்தான் முடியும், மச்சாள்."

"அவன் அங்க பொன் உருக்கிறான், நான் இஞ்ச சாகவோ? பிறகு நிலாவாம்! அவனோட எப்பயடி நான் நிலாப் பாத்தனான்? அவன்ர சைக்கிளுக்குக் காத்தடிச்சுக் குடுத்தனான். வவுனியா பஸ்ஸுக்குப் போகேக்க புட்டுக் கட்டிக் குடுத்தனான். அதை எழுது."

"புட்டுப் பாட்டில வருமோ?"

"வராட்டி விடு. நான் பாடமாட்டன்."

"பாடுறதோ? நீங்களோ?"

"பின்ன? களை பிடுங்கேக்க எல்லாரோடையும் சேந்து பாடுவன். அவன்ர வீட்டு வயல் பக்கத்திலதானே."

குசினிக்கும் வாசல் படலைக்குமாக நடந்தேன். அந்த மெட்டில் புட்டு இறங்க மறுத்தது. அது அழுவதற்கென்றே செய்த மெட்டு. பொழுது படும்போது அதைக் கைவிட்டேன். காலையில் களைக்குப் போகிற பெண்களோடு நானும் வயலில் இறங்குவது, குனிந்து பிடுங்கி நிமிர்கிற வேகத்துக்குச் சொற்களைப் போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வவுனியா பஸ்ஸில் தொடங்க வேண்டும். மச்சாள் கடைசி வரிவரை உயிரோடு இருக்க வேண்டும்.