காப்புக் கயிறும் வழுக்கும் பெல்ட்டும்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பெரகல சந்திக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த வாரம் நடந்தது இது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்தை ஒட்டிய தகரக் கொட்டகையில் நானும் என் கணவரும் கிரில், கேட் செய்து கொடுக்கிறோம். அவர் வெல்டிங் பிடிப்பார். இரும்பில் துளை போடுவது என் வேலை.

எங்களிடம் இருப்பது ஆளுயரத்துக்கு நிற்கும் பழைய டிரில் மெஷின். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. மோட்டாரின் சுற்றைத் துளை போடும் முனைக்குக் கொண்டுபோகிற பெல்ட்தான் தேய்ந்து தொளதொளவென்று கிடந்தது. முனை இரும்பை நன்றாகக் கடிக்கிற நேரம் பார்த்துப் பெல்ட் வழுக்கும். மோட்டார் கத்தும், முனை அசையாமல் நிற்கும். ஒரு துளை போட்டு முடிப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அதோடு மாரடிப்பதைவிட மாமியாரோடு குடித்தனம் நடத்துவது சுலபம். என் மாமியார் நல்லவர் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

அந்த வாரம் பார்த்துக் கோயில் கமிட்டிக்காரர்கள் தேருக்கு வைக்கத் தடித்த இரும்புத் தகடுகளைக் கொண்டுவந்தார்கள். தேர் புறப்படுவதற்குள் துளை போட்டுக் கொடுக்க வேண்டும். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏங்க, பதுளைக்குப் போயி ஒரு பெல்ட் வாங்கிட்டு வந்துருங்களேன். காலையில போனா பொழுதுசாய வந்துறலாம்."

"காப்புக் கட்டியாச்சு. திருவிழா முடியிற வரைக்கும் தோட்டத்த விட்டு வெளிய போகக்கூடாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"கோயில் வேலைக்குத்தானே போறீங்க. மாரியம்மா கோவிச்சுக்க மாட்டா."

"அத நீ சொல்லாத. அவ சொல்லட்டும்."

எங்கள் வீட்டில் மதுரை ஆட்சி என்று லயத்தில் எல்லோரும் கேலி செய்வார்கள். அன்று மட்டும் என் பேச்சு எடுபடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மெஷினுக்குப் போனேன்.

போகும் முன் வளையல்களைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். கூந்தலை இறுக்கிக் கொண்டை போட்டேன். இதிலெல்லாம் நான் கறார். ஆனால் பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டு இடது கையில் கட்டிய காப்பைக் கழற்றக் கூடாது. உண்மையில், அதுவும் சிக்கக்கூடிய ஒரு கயிறுதான் என்றே எனக்குத் தோன்றவில்லை. பல இழைகள் சேர்த்து முறுக்கிய மஞ்சள் கயிறு அது.

வலது கை மெஷினின் கைப்பிடியில் இருந்தது. முனை சுற்றிக்கொண்டிருக்கும்போதே, சுருள் சுருளாக வந்த இரும்புச் சீவலை இடது கையால் தள்ளினேன். காப்பின் நுனி முனையில் சிக்கியது. யாரோ கையைப் பிடித்து இழுப்பது போல இழுத்து, மணிக்கட்டை இரும்போடு மோத வைத்தது. கை போய்விட்டது என்றே நினைத்தேன்.

ஆனால் முனை நின்றுவிட்டது. மேலே பெல்ட் வழுக்கிக்கொண்டு கிறீச்சிட்டது. சத்தத்தில் வித்தியாசம் தெரிந்து அவர் ஓடிவந்து சுவிட்சை அணைத்தார்.

கயிறு தோலில் புதைந்திருந்தது. பிளேடை எடுத்துக்கொண்டு, "வெட்டிறவா?" என்று கேட்டார்.

"வேணாங்க. பின்னால சுத்துங்க" என்றேன்.

மேல்மூடியைத் திறந்து, பெல்ட் ஓடும் சக்கரத்தைக் கையாலேயே பின்பக்கமாக மெல்லச் சுற்றினார். கயிறு சுற்றுச் சுற்றாக அவிழ்ந்தது. மணிக்கட்டில் சிவப்பாக ஒரு தடம், வேறு ஒன்றும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிச்சத் துளைகளை அவரே போட்டார். அதற்கு அடுத்த நாள் இரண்டு கையாலும் குடத்தைப் பிடித்துக்கொண்டு நான் பால்குடம் எடுத்தேன்.

திருவிழா முடிந்ததும் பதுளையிலிருந்து புது பெல்ட் வந்தது. அவர் அதை இறுக்கும்போது, "கொஞ்சம் தளர்வாவே இருக்கட்டுங்க" என்றேன்.

"வழுக்குனா என்னயத் திட்டக்கூடாது" என்றார். திட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமே திட்டினேன், அது வேறு கதை. இப்போது மெஷினை நிறுத்திவிட்டு பிரஷ்ஷால்தான் சீவலைத் தள்ளுகிறேன்.

கையைச் சிக்க வைத்ததும் அந்தக் காப்புதான், புது பெல்ட் வாங்கப் போகவிடாமல் தடுத்ததும் அதே காப்புதான். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. வேலை முடிந்து ஆணியிலிருந்து வளையல்களை எடுத்து இரண்டு கையிலும் போட்டுக்கொள்ளும்போதெல்லாம், அன்று ஒரு நாள் என் பேச்சைக் கேட்காமல் இருந்த அந்த மனிதருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.