கரண்ட் வந்தபின் முதல் அடி

ஆரோக்கியசாமி சார் இறந்துவிட்டார். நேற்று மாலை, எடமலைப்பட்டி புதூரில், தன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே...

அவரிடம் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் "படுக்கையில் விழாமல் போனார், கொடுத்து வைத்தவர்" என்று வரிசையாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். படிக்கவே அருவருப்பாக இருக்கிறது. ஒருவர் செத்துப்போனதில் என்ன அதிர்ஷ்டம்?

அந்தச் சொல் எனக்குக் கசந்துபோனதே சாரின் கம்ப்யூட்டர் சென்டரில்தான். எண்பதுகளின் கடைசி. மன்னார்புரத்தில் மாடியில் ஒரே அறை, இரண்டு மெஷின்கள். நான் ஒன்பதாம் வகுப்பு. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிப் போவேன்.

சார் தாமே எழுதிய போர் விளையாட்டு ஒன்று அங்கே பிரபலம். ஆடுபவர் இருவர், ஆளுக்கொரு கோட்டை. எங்கே எத்தனை வீரர்களை நிறுத்துவது என்பது நம் மூளை. மோதினால் யார் வெல்வது என்பதை மட்டும் மெஷின் ஓர் எண்ணைப் போட்டு முடிவு செய்யும். பெரிய படைக்கு வாய்ப்பு அதிகம்... உறுதி கிடையாது.

"எதுக்கு சார் இந்த நம்பர்? யோசிச்சு ஆடுறவன் ஜெயிக்கட்டுமே" என்று கேட்டேன்.

"யோசிக்கத் தெரியாதவன் எங்கப்பா போவான்? அவனும் ஆசையாத்தானே மாடி ஏறி வரான்" என்றார்.

இதைவிடக் கேவலம், அங்கே நிலவிய ஒரு நம்பிக்கை. கரண்ட் போய் வந்தபின் முதல் அடி அடிப்பவர் தோற்கவே மாட்டாராம். கேசட்டிலிருந்து விளையாட்டு மெஷினில் ஏறி முடிவதற்குள் நாற்காலிக்குத் தள்ளுமுள்ளு நடக்கும். சிலர் கீபோர்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். கம்ப்யூட்டர் படிக்க வந்தவர்கள்! சாரும் சிரித்துக்கொண்டே, "மாதா அருள்ப்பா" என்பார்.

ஒரு வருடம் போட்டி வைத்தார். வெல்பவருக்குக் கோடை விடுமுறை முழுக்க இலவச வகுப்பு. ஓர் இடம்தான். விளையாடச் சார் காசு வாங்கமாட்டார்; ஆனால் கட்டணம் கட்டிப் படிக்க எங்கள் வீட்டில் வசதியில்லை; எனக்கு வேறு வழி கிடையாது.

இறுதி ஆட்டம் எனக்கும் ஸ்டெல்லாவுக்கும். சென்டருக்கு அடுத்த தெரு, என் வயது. நான் வென்றுகொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. வந்ததும் ஆட்டம் முதலிலிருந்து.

"முதல் அடி எனக்குத்தான், சொல்லிட்டேன்" என்று முந்திக்கொண்டு உட்கார்ந்தாள். இருவரும் படைகளை நிறுத்தி முடித்ததும், என் ஒன்பது வீரர்கள் காத்த கோட்டையின் மேல் தன் இரண்டே பேரை ஏவினாள். கோட்டை விழுந்தது.

"சார், இது விளையாட்டே இல்ல... குலுக்கல்."

"தோத்தாங்குளி பேச்சப் பாருங்க சார்" என்றாள்.

மெஷினை அணைத்துப் போடச் சொன்னேன். அதே தாக்குதல், அதே முடிவு. மறுபடி அணைத்தோம், மறுபடியும் அதே.

அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் மெஷின் அதே எண்களை அதே வரிசையில் தந்துகொண்டிருந்தது. முதலில் வருவது எப்போதும் அடிப்பவரை ஜெயிக்க வைக்கும் உச்ச எண். வரிசையைக் கலைக்கச் சொல்லும் ஒரு வரியைப் புரோகிராமில் சார் எழுத மறந்திருந்தார். அருளும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை... ஒரு பிழை.

சார் முகம் வெளுத்துவிட்டது. "இத்தன நாளா நானே ஏமாந்திருக்கேனேப்பா..."

ஆட்டம் செல்லாது என்று அறிவித்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாம்பும் ஏணியும் ஆடும் பகடையை அலமாரியிலிருந்து எடுத்தார்.

"இதுல பொய் கிடையாது. ஸ்டெல்லா, அதே அடி. ஆறு விழுந்தா ஜெயிச்சது நீ, இல்லன்னா அவன். சரியா தம்பி?"

யோசித்து யோசித்து நிறுத்திய ஒன்பது பேர்... ஒரு பிளாஸ்டிக் கட்டை. ஆனாலும் விதியை முன்கூட்டியே சொல்லிவிட்டார். மறுக்க எனக்கு நியாயம் இல்லை. தலையாட்டினேன்.

உருட்டினாள். ஆறு.

படிக்கட்டு வரை சார் பின்னாலேயே வந்தார். "கோவிச்சுக்காதடா. நீயும் வா. ஒரு நாற்காலி கூடப் போட்டா என்ன?"

"ஒரு இடம்னு போர்டுல நீங்கதான் எழுதியிருக்கீங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் அவருடைய கேசட் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். போர்டில் "ஒரு" என்பதை அழித்து "இரண்டு" என்று எழுதியிருந்தார். சாக்பீஸ் கையோடு, ஒன்றும் தெரியாதவர் போல நின்றார்.

முடிவு தெரிந்தபின் விதியைத் திருத்துவது எந்த விளையாட்டிலும் செல்லாது. இன்றும் என் கருத்து அதுதான். அந்தக் கோடை முழுவதும் ஒரு நாள் விடாமல் வந்தேன்.

நாளை காலை அடக்கமாம். வருகிறேன், சார்.