பாக்கியம் அக்காவின் பல்வரிசை

கடையின் ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன், போன் வந்தது. பாக்கியம் அக்காவின் மூத்த மகன் முருகேசன். "பாய், அம்மா விடியக்காலம் தவறிட்டாங்க" என்றார். நான் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்வதற்குள் அவர் அடுத்ததையும் சொல்லிவிட்டார். "பதினாறாம் நாள் நீங்கதான் நாலு வார்த்தை பேசணும். ஆனா அந்த வியாதி விஷயம் மட்டும் வேணாம். கயலுக்குச் சம்பந்தம் பேசி முடிக்கிற நேரம்." கயல் அவருடைய ஒரே மகள்.

அந்த வியாதி என்றால் சிபிலிஸ். மேக நோய், பறங்கிப் புண் என்று நம்மவர்கள் பல பெயர் வைத்திருக்கிறார்கள். நாலு பேர் நடுவில் அந்தப் பெயர்களும் வாயில் வராது. 'கெட்ட வியாதி' என்று முனகிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நான் முழுசாகவே எழுதிவிட்டேன். பர்மாவில், தாமுவே பேட்டையில் இருக்கும் என் மருந்துக் கடை இன்னும் இடிந்து விழவில்லை.

பாக்கியம் அக்கா அந்த நோயோடு பிறந்தவர். என் கடைக்கு எதிரே இருந்த பிரசவ விடுதியில் ஆயுளின் பெரும்பகுதி நர்ஸாக இருந்தவர். பர்மியர்கள் அவரை மரியாதையாக சயாமாஜீ, அதாவது பெரிய டீச்சரம்மா என்பார்கள். போன வருஷம் என்னிடம் சொன்னார்: "நான் செத்தா நல்லவ, வல்லவன்னு பேசுவீங்க பாய். அதெல்லாம் அப்புறம். எனக்கு என்ன வியாதி இருந்துச்சு, எப்படித் தப்பிச்சேன், அதை முதல்ல சொல்லுங்க. கேக்கிறதுல ஒருத்தியாவது ரத்தம் டெஸ்டு பண்ணப் போவா." தாய் ஒன்று கேட்டார், மகன் ஒன்று கேட்கிறார். நான் யார் பக்கம் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. கயலை நினைத்துத்தான் தயங்கினேன்.

அக்காவின் தகப்பனார் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர், பெயர் கெட்டது தாயாருக்கு. இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போன பிறகு அந்த அம்மாள் ஒரு நாட்டு வைத்தியரிடம் போனார். வைத்தியர் ரசக் குளிகை கொடுத்தார், லிங்கம் என்கிற சிவப்புத் தாதுவைத் தணலில் போட்டுப் புகை பிடிக்கவும் சொன்னார். இரண்டிலும் இருப்பது பாதரசம். வாய் வெந்து, ஈறு வீங்கி, ராப்பகலாய் எச்சில் வடிந்தது. விஷம் வெளியேறுகிறது என்று வைத்தியருக்குச் சந்தோஷமாம். வெளியேறியது பல். "எங்கம்மாவுக்கு முப்பது வயசுலயே பொக்கை வாய் பாய்" என்று அக்கா சொல்லும்போது அவர் குரலில் அழுகை இருக்காது, கோபம்தான் இருக்கும்.

அக்கா பிறந்ததும் தாயார் வைத்தியரை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கேயும் உலோகம்தான், என்ன, கொஞ்சம் படித்த உலோகம். தாய்க்குக் கை நரம்பில் ஆர்சனிக் ஊசி, அதாவது நாம் பாஷாணம் என்று பயப்படுகிற சமாசாரம். இடுப்பில் பிஸ்மத் ஊசி. கைக்குழந்தைக்குப் பாதரசக் களிம்பு தடவிய ஃபிளானல் துணியை வயிற்றில் சுற்றிவிடுவார்கள். பிள்ளை நெளிய நெளிய மருந்து தோலுக்குள் இறங்கும். கொஞ்சம் வளர்ந்ததும் அக்காவுக்கும் பிஸ்மத். போட்ட இடம் கட்டியாய் நிற்கும், ஈறில் கருநீலக் கோடு விழும். மாதக்கணக்கில், வாராவாரம் போக வேண்டும். பாதியில் ஓடிப்போனவர்கள் ஏராளம். அந்த அம்மாள் ஓடவில்லை. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது தெருவே காலியாகி இந்தியாவுக்கு நடந்தது. "ஊசி இருக்கிற ஊரை விட்டு நான் வரமாட்டேன்" என்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாராம். கொஞ்ச நாளில் ஊசியும் இல்லாமல் போனது. ஆனாலும் அந்தப் பெண்பிள்ளையின் பிடிவாதத்துக்கு நான் தலை வணங்குகிறேன்.

சண்டை முடிந்து பென்சிலின் வந்தது. நோய் ஒழிந்தது. அதற்குப் பிறகுதான் அக்காவுக்குப் பால்பல் விழுந்து நிலைப்பற்கள் முளைத்தன. மேல் முன்பற்கள் இரண்டும் குறுகி, நுனியில் பிறைபோல் வெட்டுப்பட்டு வந்தன. ஈறுக்குள் இருக்கும்போதே நோய் அவற்றைக் கடித்து வைத்திருந்தது. ஒரு காதும் பின்னாளில் மந்தமாயிற்று. பல் கட்டிக்கொள்ளச் சொன்னவர்களிடம், "என் சர்டிபிகேட்டை நானே கிழிக்கணுமா?" என்று கேட்பார். அக்காவைக் கல்யாணம் செய்துகொண்டவர் நல்ல மனிதர், எல்லாம் தெரிந்தே கட்டிக்கொண்டார். மூன்று பிள்ளைகள். மூவருக்கும் அக்கா ரத்தம் பார்த்தார், ஒருவருக்கும் ஒன்றுமில்லை.

அக்காவின் கோபத்தை நான் முதலில் பார்த்தது என் கடையில்தான். மாத்திரை விற்கும் ஒருவர் பெட்டியைத் திறந்து, "ரசம் சேந்தது, ரத்தம் சுத்தமாகும், மேகம் பறந்துடும்" என்று அளந்துகொண்டிருந்தார். அக்கா பஞ்சு வாங்க வந்தவர், நல்ல காதைத் திருப்பினார்.

"ரசமா? எங்க, நீ ரெண்டு முழுங்கு. நான் பாக்கிறேன்."

மாத்திரைக்காரர் சிரித்தார்.

"சிரிக்காத தம்பி. முழுங்கு."

பெட்டியை மூடிக்கொண்டு போனவர்தான், அப்புறம் எங்கள் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை.

இன்னொன்று பக்கத்துப் பேட்டையான தின்கன்ஜூனில் நடந்தது. பஸ் கண்டக்டர் ஒருவரின் மனைவி, ஐந்து மாதக் கர்ப்பம், ரத்தத்தில் சிபிலிஸ் இருந்தது. மாமியார் அவளை வீட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டதும் அக்கா என்னையும் டாக்சியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். "கெட்டுப்போனவளை வீட்டுல வச்சிருக்க மாட்டேன்" என்றார் மாமியார்.

"கெட்டது ரத்தம். அதுக்கு ஊசி இருக்கு. ஒங்க மகனுக்கும் போடணும்."

"என் மகனுக்கா? அவனுக்கு எதுக்கு?"

"பின்ன, காத்துலயா வந்துச்சு?"

அப்புறம் அக்கா உதட்டைத் தூக்கிப் பற்களைக் காட்டினார். "நல்லாப் பாருங்கம்மா. எங்கம்மா என்னைச் சுமந்தப்ப இந்த ஊசி கிடையாது. பாதரசம், பாஷாணம்னு உடம்புல என்னென்னத்தையோ ஏத்திக்கிட்டு என்னைக் காப்பாத்தினா. ஒங்க மருமகளுக்கு நல்ல மருந்தே இருக்கு. நீங்க வாசல்ல நிறுத்தி வச்சிருக்கீங்க." மறுநாள் மாமியார், மகன், மருமகள் மூன்று பேருமாக விடுதிக்கு வந்தார்கள். பிள்ளை சுகமாகப் பிறந்தது. பிரசவம் பார்த்தவர் அக்காதான்.

இவ்வளவையும் மறைத்துவிட்டு நான் எதைப் பேசுவது? பதினாறாம் நாள் மண்டபத்துக்குப் போனேன். குத்துவிளக்குக்குப் பின்னால் மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஸ்டுடியோவில் சொல்லிப் பற்களைச் சரிசெய்திருந்தார்கள். வெள்ளை வெளேரென்று, பற்பசை விளம்பரத்தில் வருவதுபோல. அது யாரோ ஒரு அம்மாள். மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் வரிசையில் இருந்தார்கள். நான் கயலைத் தனியே கூப்பிட்டேன்.

"ஒங்கப்பா பேச வேணாங்கிறார். ஒங்க பாட்டி பேசச் சொன்னாங்க. கல்யாணம் ஒனக்கு. நீ சொல்லும்மா."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க பேச வேணாம் பாய் தாத்தா. நான் பேசறேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குத் தமிழ் அரைகுறை. புரியலைன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது."

மைக்கைப் பிடித்துப் பர்மிய மொழியில் பேசினாள். என் பாட்டி சிபிலிஸோடு பிறந்தவர், அவர் அம்மா விஷத்தை உடம்பில் ஏற்றிக்கொண்டு அவரைக் காப்பாற்றினார், இந்தப் படத்தில் இருப்பது அவர் பல் இல்லை. அவ்வளவுதான். பிறகு மாலையைக் கழற்றிவிட்டுப் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். தன் செல்போனில், பாட்டி வாய் கொள்ளாமல் சிரிக்கிற படத்தைத் திறந்து விளக்கில் சாய்த்து நிறுத்தினாள். மாப்பிள்ளையின் பெரியப்பா இலை போடுவதற்கு முன்பே எழுந்து போனார். மறுவாரம் சம்பந்தம் முறிந்தது. கயலிடம் துக்கம் விசாரிக்கப் போன என் மனைவிக்குக் கிடைத்த பதில்: "செத்துப்போனவங்க பல்லுக்குப் பயந்தவன், என்கூட எப்படிக் காலம் தள்ளுவான்?" அப்படியே அக்காவின் வாய்!

முருகேசன் என்னோடு இன்னும் பேசவில்லை. பேசாவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பதினாறாம் நாள் மதியம் கூட்டம் கலைந்த பிறகு செருப்பைத் தேடிக்கொண்டு திரும்பியபோது அவரைப் பார்த்தேன். விளக்கின் முன்னால் தனியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். செல்போன் கொஞ்ச நேரத்துக்கொரு தரம் தானாக இருண்டுபோகும். ஒவ்வொரு முறையும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விரலால் தொட்டு, தாயின் சிரிப்பைத் திரும்பக் கொண்டுவந்துகொண்டிருந்தார்.

போய் வாருங்கள் அக்கா. நாங்கள் சும்மா இருக்க மாட்டோம்.