கூடத்துக்குள் வந்த கருவி

என் அத்தான், அதாவது அக்காளின் கணவர், காற்றை அளக்கும் அலுவலகத்தில் தற்காலிக ஊழியர். அலுவலக மொட்டை மாடியில் அவருடைய கருவி இருந்தது. ஒரு குழாய்; ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் ஒளியை வாங்கும் கண். குழாய்க்குள் வரும் காற்றிலுள்ள கரியமில வாயு, அகச்சிவப்புக் கதிரில் தனக்கு வேண்டியதை விழுங்கிவிடும். ஆக்சிஜனும் நைட்ரஜனும் அதைத் தொடாது. வந்து சேராத ஒளியை வைத்து வாயு எவ்வளவென்று கருவி சொல்லிவிடும்.

“இதுக்கு லஞ்சம் குடுக்க முடியாது மாப்ளே!” என்று அத்தான் என்னிடம் மார்தட்டுவார். பெரிய பெருமை!

பக்கத்து ஆலையின் புகைபோக்கியால் கருவியின் பலகையில் எந்நேரமும், காற்று கெட்டிருக்கிறது என்று காட்டும் சிவப்பு விளக்குதான். அந்த நேரம் பார்த்து, அலுவலகம் நடத்தும் தூய காற்று விழாவுக்குத் தலைவர் வருவதாகச் செய்தி வந்தது.

“பச்சை எரியணும்யா. எரிஞ்சா உனக்கு நிரந்தர வேலை. இல்லேன்னா வேற இடம் பாத்துக்க” என்றார் மேலாளர்.

அக்காள் அந்த நிரந்தர வேலைக்காகத்தான் இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அத்தான் யோசித்தார். யோசித்ததுதான் வினை. கருவியைத் தூக்கிவந்து, விழா நடக்கும் குளிரூட்டிய கூடத்தில் மேடையோரம் வைத்தார். ஆளில்லாத கூடத்தில் பச்சை எரிந்தது. மேலாளர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

கூட்டம் வந்து நெருக்கியடித்தது. குளிர் வெளியே போகாமல் இருக்கக் கதவுகளைச் சாத்தினார்கள். தலைவர் தூய காற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேசினார், பேசினார், அப்படிப் பேசினார்! அத்தனை பேர் விட்ட மூச்சும் குழாய்க்குள் போய் ஒளியைத் தின்றது. மஞ்சள் எரிந்தது. பிறகு சிவப்பு.

“நிறுத்துய்யா!” என்று மேலாளர் பல்லைக் கடித்தார்.

“நான் எப்படி சார் நிறுத்தறது? அவருல்ல நிறுத்தணும்!”

அவர்கள் பக்கத்திலிருந்த மேடையோர மைக் அணைக்கப்படவில்லை. கூடமே குலுங்கிச் சிரித்தது. முன்வரிசையில் அக்காள் மட்டும் சிரிக்கவில்லை.

வேலை போன அன்று வீட்டில் அத்தான் கருவியைத் திட்டித் தீர்த்தார். “பாழாப்போன மெஷின், கழுத்த அறுத்திருச்சு!”

“அது என்னங்க பண்ணும்? மாடியில வச்சீங்க, இருந்ததச் சொல்லுச்சு. உள்ள வச்சீங்க, உள்ள இருந்ததச் சொல்லுச்சு” என்றாள் அக்காள். “லஞ்சம் குடுக்க முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் ஏன் குடுத்துப் பாத்தீங்க?”