எடுத்துப் போட்ட வால்வு

கள்ளக்குறிச்சியில் வண்டி சூடாகிறது, ரேடியேட்டர் ஒழுகுகிறது என்று யாரிடம் போய்ச் சொன்னாலும், சேலம் ரோட்டுப் பக்கம் கையைக் காட்டி, "கண்ணாயிரத்துகிட்ட போ" என்பார்கள். லாரி, வேன், கரும்பு இழுத்து இழுத்து இடுப்பொடிந்த டிராக்டர், எதுவானாலும் சரி. ரேடியேட்டரைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று ஒரு பார்வை பார்ப்பார். பிறகு ஈயத்தை உருக்கி அந்த இடத்தை அடைப்பார். அப்படி அடைத்த இடம் மறுபடி ஒழுகியதாக யாரும் வந்து நின்றதில்லை.

ஆனால் மனுசனிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த வண்டி வந்தாலும் இஞ்சின் தலையில் இருக்கிற தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிக் கடாசிவிடுவார். இஞ்சின் சூடாகிற வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் பிடித்துவைக்கும் சின்ன மூடி அது. "குளிரு தேசத்துக்காரன் வெச்ச சாமான். நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குய்யா?" என்பார். அவரை மட்டும் குறை சொல்வானேன்? இந்தப் பக்கத்து மெக்கானிக்குகளில் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள், இன்றைக்கும் செய்கிறார்கள். அது சரியா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டது அவர் பெற்ற மகள் தனுஷா மட்டும்தான்.

தனுஷா பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தவள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும் நேராக அப்பாவின் பட்டறைக்கு வந்து ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். அவள் அம்மா பாப்பாத்தி, "வயசுக்கு வந்த பொண்ணு கிரீஸ் பூசிக்கினு நின்னா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். கண்ணாயிரம் சிரித்தார். உள்ளுக்குள் அவருக்குப் பெருமைதான். அந்தப் பெருமையை ஒரு நாளாவது வாய் திறந்து அவளிடம் சொல்லியிருக்கலாம். எங்கே சொன்னார்!

அப்படி இருக்கும்போதுதான், எட்டு வருசத்துக்கு முந்திய சித்திரையில், மூங்கில்துறைப்பட்டுக் கரும்பு விவசாயி தங்கதுரை ஒரு காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். சிவப்பு நிறம், ரெண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது, மூக்கு மட்டும் நீளம். ஐம்பது வருசத்துக்கு மேல் பழைய வெளிநாட்டுப் பந்தயக் கார். தங்கதுரையின் அப்பா ஆசைப்பட்டு வாங்கியது. அதில் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலைக்குப் போக வேண்டும் என்று அந்தப் பெரியவர் இரண்டு தடவை கிளம்பியிருக்கிறார். இரண்டு தடவையும் பாதியில் பொங்கி நின்று, மாட்டைக் கட்டி இழுத்து வந்தார்களாம். ஊரே சிரித்தது.

"எங்கப்பாதான் போய்ச் சேந்துட்டாரு. நானாச்சும் இதுல ஒரு தடவ மலை ஏறிப் பாத்துடணும் கண்ணாயிரம். மலையில நடக்கற கோடை விழாவுக்கு முடிச்சிக் குடு" என்றார் தங்கதுரை.

"ஏத்திக் காட்றங்க. கவலய வுடுங்க" என்றார் கண்ணாயிரம்.

பத்து நாள் அப்பனும் மகளும் அந்தக் காரே கதி என்று கிடந்தார்கள். பழைய பித்தளை ரேடியேட்டரை எடுத்துவிட்டு, அதே சட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி அகலமான அலுமினிய ரேடியேட்டர் ஒன்றை அளவெடுத்துப் பொருத்தினார்கள். இஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிற விசிறி மேட்டில் மெதுவாகப் போகும்போது காற்றே இழுக்காது. அதைத் தூக்கிவிட்டு, சூடு ஏறினால் தானாக ஓடுகிற கரண்ட் ஃபேன் மாட்டினார்கள். வாட்டர் பம்ப் பிரித்துப் பேரிங் மாற்றினார்கள். ஒயர் வேலை முழுக்க தனுஷாவுடையது. காரோடு வந்த பழைய புத்தகத்தை மத்தியானச் சோற்று நேரத்தில் மடியில் வைத்துக்கொண்டு, அகராதி பார்த்துப் பார்த்துப் படித்தாள். எந்தப் பிள்ளை இப்படி உட்கார்ந்து படிக்கும்?

கடைசி நாள் தங்கதுரை வந்து பக்கத்தில் நிற்கும்போது, கண்ணாயிரம் வழக்கம்போல வால்வில் கை வைத்தார்.

"அப்பா, இதுல எடுக்கக் கூடாதுப்பா. புக்குல போட்டிருக்கு" என்றாள் தனுஷா. "இந்த வால்வு தொறக்கும்போதே பக்கத்துல இருக்கற பைபாஸ் ஓட்டைய மூடுது. எடுத்துட்டா ஓட்டை தொறந்தே கெடக்கும். பாதி தண்ணி ரேடியேட்டருக்கே போவாம திரும்ப இஞ்சினுக்கே போயிடும்ப்பா."

சொன்னது சரியா தப்பா என்று கண்ணாயிரம் யோசிக்கவே இல்லை. வாடிக்கைக்காரர் முன்னால் சொல்லிவிட்டாளே என்பதுதான் சுருக்கென்று தைத்தது.

"முப்பது வருசமா இதத்தான் புடுங்கிப் போட்டுக்கினு இருக்கறேன். ஒரு வண்டி நின்னுதா? நேத்து பொறந்துட்டு எனக்குச் சொல்ல வந்துட்டா. போ, போயி ஐயாவுக்கு டீ வாங்கினு வா."

தங்கதுரை சங்கடத்தோடு செருமினார். தனுஷா கையைத் துடைத்துக்கொண்டு டீ வாங்கப் போனாள். திரும்பி வருவதற்குள் வால்வு குப்பையில் கிடந்தது. சங்கராபுரம் வரை சமவெளியில் ஓட்டிப் பார்த்தார்கள், சூடு காட்டும் மீட்டரில் முள் அசையவில்லை. "பாத்தியா?" என்று மகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார் கண்ணாயிரம்.

மறுநாள் காலையில் தங்கதுரை ஓட்ட, கண்ணாயிரம் பக்கத்தில் உட்கார, கார் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலைப் பாதையில் ஏறியது. மூன்று வளைவு ஜோராகப் போனது. நான்காவதில் முள் எழுந்தது. ஆறாவதில் சிவப்பைத் தொட்டது.

"நிறுத்திடலாமா கண்ணாயிரம்?"

"ஓட்டுங்க. ஃபேன் ஓடிக்கினுதான இருக்குது? எறங்கிடும்."

அங்கேயாவது நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடாதா? வீம்பு யாரை விட்டது! ஏழாவது வளைவில் காரின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. உள்ளே ஏதோ படாரென்றது. கார் அப்படியே நின்றுபோனது.

ஆவி அடங்கியதும் கண்ணாயிரம் குனிந்து ரேடியேட்டரின் அடிக்குழாயைத் தொட்டார். இஞ்சின் அடுப்பாகக் கொதிக்கிறது, குழாயோ கைபொறுக்கிற இளஞ்சூட்டில் இருக்கிறது. தண்ணீர் இந்தப் பக்கம் சரியாக வரவே இல்லை. மகள் சொன்னது அப்படியே கையில் தெரிந்தது. குழாயைப் பிடித்த கையை எடுக்காமல் குனிந்தே இருந்தார்.

"இன்னாய்யா ஆச்சு?" என்று கேட்டார் தங்கதுரை.

"பழைய வார்ப்புங்க. சூடு தாங்காம இஞ்சின் ஹெட்டு வெடிச்சிட்டுச்சு."

தங்கதுரை நல்ல மனுசர். பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். காரை அங்கிருந்தே லாரியில் ஏற்றி மூங்கில்துறைப்பட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். கண்ணாயிரம் பஸ் பிடித்துச் சாயந்திரம் வீடு வந்தார். வாசலிலேயே நின்றாள் தனுஷா.

"ஏறிச்சாப்பா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "ஏறாம? ஜம்முனு ஏறிச்சு, வால்வு இல்லாமலே" என்று வந்தது.

அவள் முகம் கொஞ்சம் வாடி, உடனே சிரித்தது. "அப்ப நான்தான் தப்பாப் புரிஞ்சிக்கினேன் போல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் கண்ணாயிரத்துக்குச் சோறு இறங்காது.

பத்து நாள் கழித்து, பழைய கார்களைப் புதுப்பிக்கிற புதுச்சேரிப் பட்டறை ஒன்றிலிருந்து தனுஷாவை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. "படிச்சும் ஒழுங்காப் புரிஞ்சிக்கத் தெரியல. அடுத்தவங்க வண்டியக் கெடுத்துடுவேன்ப்பா" என்றாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அப்போது சொல்லியிருந்தால் பெண் புதுச்சேரி போயிருக்கும். கண்ணாயிரம் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். தனுஷா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜவுளிக்கடையில் பில் போடப் போனாள். அடுத்த வருசம் களமருதூரில் நெல் விவசாயம் பண்ணுகிற தமிழ்வேந்தனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல பையன், குறை ஒன்றும் இல்லை. பாப்பாத்திக்கு நிம்மதி.

போன மாதம் தங்கதுரை டிராக்டர் ரேடியேட்டரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். அந்தச் சிவப்புக் காரை அவர் எப்போதோ விற்றுவிட்டிருந்தார்; வாங்கிப்போனவர் போன் செய்தாராம்.

"புது ஹெட்டு போட்டு, அந்த வால்வையும் வாங்கி மாட்டினானாம். இந்த சித்திரையில வெள்ளிமலைக்கே போய்ட்டு வந்துட்டான். ரேடியேட்டர் நீ போட்டதேதான், பிரமாதமா இருக்குதுன்றான். உம் பொண்ணு அன்னிக்கே சொல்லிச்சேய்யா! அது இப்ப இன்னா பண்ணுது? பெரிய கம்பெனியில இருக்குமே?"

கண்ணாயிரம் "நல்லாருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். மறுநாள் காலையில் பட்டறையைப் பூட்டிவிட்டு, மகள் ஊருக்குப் போக உளுந்தூர்பேட்டைப் பஸ் ஏறினார். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது, காலில் விழச் சொன்னாலும் விழுவது என்ற முடிவோடுதான் போனார்.

தனுஷா களத்தில் நெல்லைக் காயப்போட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். "இன்னாப்பா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கற? அம்மாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்லம்மா. தங்கதுரை காரு அன்னிக்கு மலை ஏறல. ஏழாவது வளைவுலயே ஹெட்டு வெடிச்சிட்டுச்சு. நீ சொன்னதுதான் சரி. நான் பொய் சொல்லிட்டேன்."

தனுஷா வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து அவரைப் பார்த்தாள். "அந்தச் செவப்புக் காரா? அதுக்கா இவ்ளோ தூரம் வந்த?" சிரித்தாள். "நான் இன்னாப்பா சொன்னேன்?"

"வால்வை எடுக்கக் கூடாதுன்னு சொன்னியேம்மா."

"ஆமாமா, ஏதோ சொன்னேன். ஏன் எடுக்கக் கூடாதாம்?"

கேலிக்குக் கேட்கிறாளா என்று முகத்தைப் பார்த்தார். இல்லை, தெரியாமல்தான் கேட்டாள். கண்ணாயிரம் ஒரு கையை வால்வாகவும் இன்னொரு கையை ஓட்டையாகவும் வைத்து, வால்வு திறக்கும்போது பைபாஸ் எப்படி மூடுகிறது, எடுத்துவிட்டால் தண்ணீர் எங்கே போகிறது என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அன்றைக்கு அவள் சொன்ன அதே வார்த்தைகள்தான். எட்டு வருசமாக அவருக்கு ஒன்றுகூட மறக்கவில்லை.

அவள் துழாவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஆமால்ல! எவ்ளோ நல்ல யோசனை" என்றாள். பிறகு ஆச்சரியத்தோடு, "இதையா நான் சொன்னேன்? எனக்கு அவ்ளோ தெரிஞ்சிருந்துச்சாப்பா?" என்றாள்.

கண்ணாயிரம் தலையை மட்டும் ஆட்டினார். "வெயில்ல நிக்காத, வூட்டுக்குள்ள போ. சோறு ஆக்கிட்டேன், சாப்புட்டுட்டுப் போவலாம்" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி நெல்லைத் துழாவப் போனாள். அவள் கோபப்பட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பார். மறந்துபோனவளிடம் என்னவென்று கேட்பது?